கத்தரித்த அட்டையில் ஏழு மாத்திரை

காரைக்குடிக் கடைவீதி, ஒரு மருந்துக்கடை, சாயங்காலக் கூட்டம். மடித்த சீட்டை நீட்டிய ஆச்சி குரலைத் தாழ்த்தி, "அந்த நரம்பு மாத்திரை தம்பி, ஒரு வாரத்துக்குப் போதும்" என்றார். சீட்டில் இருந்தது எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், முப்பது நாளைக்கு. மனச்சோர்வு நோய்க்குத் தருவது. கடைக்காரர் அட்டையில் பாதியைக் கத்தரித்து, ஏழு மாத்திரையைச் செய்தித்தாளில் மடித்தார். கம்பவுண்டர் காலத்துப் பொட்டலம்; அந்த மடிப்பு இன்னும் அழகுதான். ஆனால் வைத்தியத்தில் பாதி அந்தக் கத்தரியிலேயே போய்விடுகிறது.

மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் நின்ற துண்டோடு தங்கிவிடும். வீட்டில் சர்க்கரை மாத்திரையோடு கலந்தால் எது எதுவென்று தெரியாது. இந்த மருந்து மனதில் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு, இவை முதல் வாரத்திலேயே வந்து பிறகு அடங்கும். ஏழு மாத்திரை தீரும்போது கண்டது தொல்லை மட்டும். "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

தேறியவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் தொட்டதுபோல் அதிர்வும் வரலாம். ஊர் அதை "பழக்கமாயிடுச்சு" என்கிறது. போதைபோல் பழகுவது, தூக்கத்துக்கென்று தொடர்ந்து விழுங்கும் அல்பிரசோலம். எஸ்சிட்டலோபிராம் அந்த வகை அல்ல. குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக நடுவில் நிறுத்தவே கூடாது.

சிங்கப்பூர் பாலிகிளினிக்கில் பெயர், அளவு, வேளை எல்லாம் அச்சிட்டு ஒட்டித் தருவார்கள். அங்கேயும் நம்மவர்கள் அதைக் கைப்பைக்குள் ஒளிப்பதுண்டு. ஆனாலும் வீட்டில் எடுத்தால் படிக்க எழுத்து இருக்கும்.

யார் கண்ணிலும் படாமலிருக்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையும் கேளுங்கள். அவற்றாலும் இதே சோர்வு வரும். நேரில் போகக் கூச்சமா? 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி, 2022 முதல் இருக்கிறது. நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 மனநலச் சட்டம் தந்த உரிமை.

கடையில் முழு அட்டையாகவே வாங்குங்கள். கத்தரித்தே தருவார்களென்றால் பெயரும் தேதியும் உள்ள துண்டைக் கேளுங்கள். சீட்டை நீட்டி மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். நரம்பு மாத்திரை என்று கேட்டால் வைட்டமின் மாத்திரை கையில் வந்துவிடும்.