பக்கெட் எட்டாதபோது: எஸ்3பேக்கரா, ஜூஸ்எஃப்எஸ்ஸா?

எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பில் தரவு வைக்கும் இடம்தான் பக்கெட். அதை லினக்ஸில் ஒரு டிஸ்க் போல மவுன்ட் செய்ய உதவும் இரண்டு கருவிகள் எஸ்3பேக்கர், ஜூஸ்எஃப்எஸ். எஸ்3பேக்கர் பக்கெட்டை ஒரே பெரிய ஃபைலாகக் காட்டும். அதன்மேல் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டம்) போட்டு மவுன்ட் செய்கிறோம். ஜூஸ்எஃப்எஸ் தரவை மட்டும் 4 எம்ஐபி துண்டுகளாகப் பக்கெட்டில் வைக்கும்; ஃபைல் பெயர், டைரக்டரி, பெர்மிஷன் எல்லாம் (மெட்டாடேட்டா) ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு டேட்டாபேஸில் இருக்கும். வேகம், மாதச் செலவு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஜூஸ்எஃப்எஸ்ஸைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், பக்கெட் எட்டாமல் போன பிறகு செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு.

எஸ்3பேக்கரில் எக்ஸ்ட்4-இன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு), ஐநோட் பட்டியல் (ஒவ்வொரு ஃபைலின் விவரம்) கூட பக்கெட்டில்தான். பக்கெட்டில் எழுதுவது தோற்றால் ஜர்னல் நின்றுவிடும், ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகும். அதுவரை சேதம் குறைவு. பதறிப்போய் எஃப்எஸ்சிகேயை (ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துப் பழுதுபார்க்கும் கட்டளை) '-ஒய்' போட்டு ஓட்டுவதுதான் ஆபத்து. படிக்க முடியாத பிளாக் வந்தால் அது, பிழையைப் புறக்கணிக்கலாமா, பிளாக்கை வலிந்து திருப்பி எழுதலாமா என்று கேட்கும். '-ஒய்' இரண்டுக்கும் ஆம் சொல்லிவிடும். பக்கெட்டில் நலமாக இருந்த பிளாக் அப்படித்தான் அழிகிறது.

ஆகவே முதலில் அன்மவுன்ட். பக்கெட்டிலிருந்து ஓர் ஆப்ஜெக்ட்டை நேரடியாக இறக்கிப் பார்த்து, இணைப்பு நிலையாக இருக்கிறதென்று உறுதி செய்யுங்கள். மீண்டும் மவுன்ட் செய்தால் ஜர்னல் தானே ஓடும். பிறகு அன்மவுன்ட் செய்து எஃப்எஸ்சிகேயை '-எஃப் -என்' (கட்டாயம் சோதி, எதையும் மாற்றாதே) போட்டு மட்டும் ஓட்டுங்கள். ஜர்னல் ஓடுவதற்கு முன் '-என்' காட்டும் பிழைகளில் பல போலி. 'ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறது' என்று எஸ்3பேக்கர் மறுத்தால், வேறு எந்த மெஷினும் அதைப் பிடித்திருக்கவில்லை என்று பார்த்த பிறகே பக்கெட்டில் உள்ள அந்த 'மவுன்ட் ஆகியிருக்கிறது' குறியை நீக்குங்கள்.

ஜூஸ்எஃப்எஸ்ஸில் இத்தனை பாடு இல்லை. பக்கெட் போனாலும் ஃபைல் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' வேலை செய்யும். கேஷில் இல்லாத துண்டைப் படித்தால்தான் ஐ/ஓ பிழை. பக்கெட் திரும்பியதும் 'ஜூஸ்எஃப்எஸ் எஃப்எஸ்சிகே' எந்த ஃபைலுக்கு எந்தத் துண்டு இல்லை என்று சொல்லும். 'ரைட்பேக்' (முதலில் லோக்கல் கேஷில் எழுதி, பிறகு பக்கெட்டுக்கு ஏற்றும் முறை) போட்டிருந்தால் மட்டும் கவனம் வேண்டும்: ஏறாத துண்டுகள் கேஷ் டைரக்டரிக்குள் 'ராஸ்டேஜிங்'கில் காத்திருக்கும். இடம் போதவில்லையென்று அதை அழித்தால் தரவு போயிற்று. அதே கேஷ் டைரக்டரியோடு மவுன்ட் செய்தால் அப்லோட் தொடரும்.

இங்கே பலவீனம் ரெடிஸ். ஏஓஎஃப் (ரெடிஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கும் பதிவு) விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் சேர்க்கும் 'எவ்ரிசெக்'கில் இருந்தால் மெஷின் விழும்போது ஏறக்குறைய ஒரு விநாடி மெட்டாடேட்டா போகலாம். மணிக்கொரு முறை தானாக எடுக்கும் மெட்டாடேட்டா பேக்கப்பும் அதே பக்கெட்டுக்குத்தான் போகிறது. அது எட்டாத நேரத்தில் அந்தப் பேக்கப்பும் எட்டாது. கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) மெட்டாடேட்டாவைப் பிரதியெடுக்கும் 'ஜூஸ்எஃப்எஸ் டம்ப்' போட்டு வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள்.

ஒரே மெஷின், டேட்டாபேஸ் பராமரிக்க ஆளில்லை என்றால் எஸ்3பேக்கரே போதும். அதன்மேல் இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்தை நான் நீண்ட காலம் ஓட்டியதில்லை. மேலே சொன்னது எக்ஸ்ட்4-க்கு மட்டும்.