காஷ்மீர் செர்ரியா, தேன்பழமா, பார்படோஸ் செர்ரியா: நம் வீட்டு மண்ணுக்கு எது?

போன வருடம் ஜூன் மாதம், தங்கை மகள் காஷ்மீர் செர்ரியைத் தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். மூன்று மாதம் கழித்து எடுத்து மண்ணில் ஊன்றினாள். பதினைந்தில் இரண்டு முளைத்தன. "பெரியம்மா, இது எப்போ காய்க்கும்?" என்று அன்றைக்கே ஃபோன் செய்து கேட்டாள். சென்னையில் காய்க்காது என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் செர்ரி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அதனால் நான் வளர்த்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவள் நட்ட காஷ்மீர் செர்ரி. கொட்டை முளைக்கச் சில மாதக் குளிர் வேண்டும், அந்த வேலையை ஃபிரிட்ஜ் செய்துவிட்டது. ஆனால் மரமான பிறகும் வருடா வருடம் அந்தக் குளிர் வேண்டுமே! இலையுதிர்த்து உறங்குகிற மரம் அது. பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 700 மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால்தான் மொட்டு விழித்துப் பூக்கும். காஷ்மீரின் ஷோபியானிலும் காந்தர்பாலிலும் இமாச்சலத்து மலைச்சரிவுகளிலும் அது தானாகக் கிடைக்கிறது. சென்னையில் மார்கழி விடியலில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அரிது. இன்னொரு சிக்கலும் உண்டு. இனிப்புச் செர்ரியில் பல ரகங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது. ஒத்துப்போகிற வேறொரு ரகம் பக்கத்தில் பூத்திருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருக்கிறவர்கள் ஆசைக்கு ஒன்று வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் பிளம்ஸ், பேரி, பீச் ஊன்றிக்கொண்டதுபோலச் செர்ரி ஊன்றவில்லை. சமவெளிக்காரர்கள் இதில் பணத்தைப் போடாதீர்கள். 'எந்த வெயிலிலும் காய்க்கும்' என்று ஆன்லைனில் விற்கிற விதைப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

அப்படியானால் நம் ஊர் நர்சரியில் 'செர்ரி' என்று கொடுக்கிறார்களே, அது என்ன? அங்கேதான் குழப்பமே. அந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று செடிகள் விற்பனையில் இருக்கின்றன: சிங்கப்பூர் செர்ரி என்கிற தேன்பழம், பார்படோஸ் செர்ரி, சுரினாம் செர்ரி. மூன்றும் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தவை, ஒன்றுக்குக்கூடக் காஷ்மீர் செர்ரியோடு உறவில்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு நர்சரியில் "செர்ரி கன்று" என்று கேட்டு வாங்கி, மதில் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டேன். இரண்டே வருடத்தில் அது மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டது. நான் நினைத்தது பார்படோஸ் செர்ரி, அவர்கள் கொடுத்தது சிங்கப்பூர் செர்ரி.

அந்த அனுபவத்துக்குப் பிறகு பெயரைக் கேட்பதை விட்டுவிட்டேன், இலையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். இலை மெத்தென்று, லேசாகப் பிசுபிசுப்பாக, ஓரம் ரம்பப் பல்லாக இருந்தால் அது சிங்கப்பூர் செர்ரி. சின்னதாக, பளபளப்பாக, ஓரத்தில் பல் இல்லாமல் இருந்தால் பார்படோஸ். கொழுந்து செம்பு நிறத்தில் இருந்து, கசக்கினால் காரமான வாசனை வந்தால் சுரினாம்.

சிங்கப்பூர் செர்ரி என்று சொன்னால் முழிக்கிறவர்களுக்கும் தேன்பழம் என்றால் தெரிந்துவிடும். சர்க்கரைப்பழம், நெய்ப்பழம் என்றும் சொல்வார்கள். இலங்கையில் ஜாம் பழம். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் நின்று பறித்துத் தின்ற அந்தச் சின்னச் சிவப்புப் பழம்தான். பஞ்சுமிட்டாயைப் பழத்துக்குள் அடைத்ததுபோல இனிக்கும். இதை வளர்க்க எந்தத் திறமையும் தேவையில்லை. கட்டடக் குப்பை கலந்த மண்ணிலும் வரும், கொஞ்சம் வறட்சியும் தாங்கும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கத் தொடங்கி, ஏறக்குறைய வருடம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிழலும் அருமை. கிளைகள் குடைபோலப் படுக்கையாகப் பரவும்.

பறவைகளுக்கு இதைவிட நல்ல மரம் நான் பார்த்ததில்லை. காலையில் சின்னான்கள், மைனாக்கள், குயில். கட்டைவிரல் அளவேயான பூக்கொத்தி ஒன்று எங்கள் மரத்துக்கு நாள் தவறாமல் வரும். பகலில் அணில். இரவில் வௌவால். அந்த இரவு விருந்தாளிகளின் விளைவு காலையில் காரின் மேலும் வாசல் கோலத்தின் மேலும் கிடக்கும்.

சிக்கல் அதன் அளவில் இருக்கிறது. 25 அடிக்கு மேல், இடம் கிடைத்தால் 40 அடி வரைகூடப் போகும். வெட்ட வெட்டப் பக்கக்கிளை விடும். மரமோ மென்மையானது, காற்றுக்கு முறியும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் சாய்ந்தவற்றில் இரண்டு தேன்பழ மரங்கள். அப்புறம், பழத்தைச் சேர்த்து வைக்கவும் முடியாது. தொட்டாலே நசுங்கும் பழம் அது, மரத்தடியில் நின்று தின்றால்தான் உண்டு. கடையில் நாம் அதைப் பார்க்காததற்குக் காரணமும் இதுதான். அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டி, பக்கவாட்டில் நான்கடி விட்டிருக்கிறவர்கள் தயவுசெய்து இதை மதிலுக்குள் வைக்க வேண்டாம். ஊரில் தோப்போ காலி மனையோ இருந்தால் தாராளமாக வையுங்கள். குழந்தைகள் ஏறி விளையாட மட்டும் விடாதீர்கள், கிளை தாங்காது.

பார்படோஸ் செர்ரி எல்லாவற்றிலும் இதற்கு நேர்மாறு. இது மரமல்ல, புதர். பெரும்பாலும் பத்தடிக்குள் நின்றுவிடும், கவாத்து செய்தால் ஆறடியில் நிறுத்தலாம், வேலிபோலவும் கத்தரிக்கலாம். மாடித் தோட்டக்காரர்கள் பாதியாக அறுத்த 200 லிட்டர் டிரம்மில் வைத்தால் நன்றாகவே காய்க்கும். வெளிர் இளஞ்சிவப்பில், ஓரம் சுருங்கிய பூ. பூத்து மூன்று, நான்கு வாரத்தில் பழம். வருடம் முழுக்க இல்லை, அலை அலையாக வரும். நல்ல மழைக்குப் பிறகு ஒரு தடவை பூத்துக் குலுங்கும், பிறகு கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

ருசி புளிப்பு. சில செடிகளில் புளிப்பும் இனிப்பும் கலந்து வரும். பழத்தை உற்றுப் பார்த்தால் மூன்று பிரிவு தெரியும், உள்ளே மூன்று விதை. தேன்பழத்தை எதிர்பார்த்து வாயில் போடுகிற குழந்தை முகத்தைச் சுளிக்கும். ஆனால் வைட்டமின் சி-யில் இதன் பக்கத்தில் நிற்கக்கூடிய பழங்கள் மிகக் குறைவு. புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1946-இல் இதை அளந்து வெளியிட்ட பிறகுதான் உலகம் இந்தப் புதரைத் திரும்பிப் பார்த்தது. 100 கிராம் பழத்தில் 1,600 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ஆரஞ்சில் 50 சொச்சம்தான், நெல்லிக்காயையும் இது தாண்டிவிடும். முழுதாகச் சிவந்த பழத்தைவிடச் செங்காயில் அந்தச் சத்து இன்னும் கூடுதல். எலுமிச்சை ஜூஸில் பத்துப் பழத்தைப் பிழிந்து விடுங்கள், சூடாக்க வேண்டாம். சிறுநீரகக் கல் தொந்தரவு இருக்கிறவர்கள் மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பறித்த பழம் வெளியே இரண்டு, மூன்று நாள்கூடத் தாங்காது. அன்றன்றைக்குப் பறித்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. பூக்கிற அளவுக்குக் காய் பிடிக்காது. இதன் தாயகத்தில் இந்தப் பூவிலிருந்து தேனுக்குப் பதிலாக எண்ணெய் எடுத்துப்போகிற தனி வகைத் தேனீக்கள் இருக்கின்றன. அவை செய்கிற மகரந்த வேலையை நம் ஊரில் அந்த அளவுக்குச் செய்ய ஆளில்லை. ஒரே தாயிலிருந்து எடுக்காத இரண்டு செடிகளை அருகருகே வைத்தால் காய்ப்பு கூடும். நான் இரண்டாவது செடியை வைத்த பிறகுதான் கிண்ணம் நிறையப் பழம் பார்த்தேன். இன்னொன்று நூற்புழு. மணல்பாங்கான மண்ணில் வேரில் முடிச்சு விழுந்து செடி சோர்ந்துவிடும். நடும்போதே குழியில் தொழுஉரத்தோடு இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். துலுக்கச் செவ்வந்தியைச் சுற்றிலும் நட்டால் இன்னும் நல்லது. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். வேர் மேலாகவே ஓடுவதால் அடியில் கொத்தாதீர்கள், காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். விதை சரியாக முளைக்காது. பதியன் கன்றாகவே, அதாவது தாய்ச்செடியின் கிளையிலேயே வேர் விடவைத்து அறுத்த கன்றாகவே, கேட்டு வாங்குங்கள்.

சுரினாம் செர்ரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டுப் பட்டைகளோடு குட்டிப் பூசணிபோல இருக்கும் பழம், பார்க்கக் கொள்ளை அழகு. கருஞ்சிவப்பாக மாறித் தானே கையில் விழும்வரை காத்திருந்தால் ருசி. ஒரு நாள் முந்திப் பறித்தாலும் பிசின் வாடை அடிக்கும். பிரேசிலில் இதன் இலையைத் தரையில் பரப்பி வைப்பார்களாம், மிதிபடும் வாசனைக்கு ஈ வராது என்று. வளர்ச்சி நிதானம். விதைக் கன்று காய்க்க இரண்டு வருடமாவது ஆகும், பல சமயம் இன்னும் கூடுதலாகவே. அழகுக்கு ஒரு தொட்டியில் வைக்கலாம், பழத்துக்காக நான் வைக்க மாட்டேன்.

கேக் மேல் வைக்கிற அந்தச் சிவப்புச் செர்ரிக்காக மட்டுமே செடி தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: நம் ஊர் பேக்கரிகளில் பல சமயம் அது களாக்காய்தான். விதை நீக்கி, சாயம் ஏற்றி, சர்க்கரைப்பாகில் ஊறியது. முள்ளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் களாவை வேலியில் வையுங்கள். அது நம் மண்ணின் செடி, தண்ணீர்கூடக் கேட்காது.

ஆக, சிறிய மனையும் மொட்டை மாடியும் வைத்திருக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பார்படோஸ் செர்ரி, அதுவும் இரண்டாக. ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிற இடம் பார்த்து, இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, தண்ணீர் தேங்காமல் நடுங்கள். எட்டு வருடத்துக்கு முன் வைத்த தேன்பழத்தை நானும் வெட்டவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் வைத்துக் கழிக்கிற செலவோடு, பூக்கொத்திக்காக அது நிற்கிறது.

தங்கை மகளின் இரண்டு காஷ்மீர்க் கன்றுகளில் ஒன்று சித்திரை வெயிலில் கருகிவிட்டது. மற்றது நிழலில் நான்கு இலையோடு நிற்கிறது, அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆடியில் என் பார்படோஸ் செடியில் பென்சில் கனக் கிளையாகப் பார்த்து, ஓர் அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, நனைத்த தென்னைநார்க் கழிவு வைத்துக் கட்டினேன். புரட்டாசியில் பாலிதீனுக்குள் வெள்ளை வேர் தெரிகிறது. ஐப்பசியில் மழை பிடித்ததும் அறுத்து அவள் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். குழியை இப்போதே தோண்டி ஆறப் போடச் சொல்லியிருக்கிறேன்.