ஐ.நா.வா, பட்டிமன்றமா, நாடாளுமன்றமா?

வண்ணாரப்பேட்டையில் எங்கள் பள்ளியில் பேச்சுப் பயிற்சிக்குக் கிடைப்பது சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம்தான். அதைப் பட்டிமன்றத்துக்குக் கொடுப்பதா, இளைஞர் நாடாளுமன்றத்துக்கா, மாதிரி ஐ.நா. சபைக்கா என்று ஆசிரியர் அறையில் ஒரே வாக்குவாதம். மூன்றையும் நடத்திப் பார்த்தவள் நான். என் ஓட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து பேசும் மாதிரி ஐ.நா. சபைக்கு.

பட்டிமன்றத்துக்குச் செலவே கிடையாது. ஒரு மைக், நடுவருக்கு ஒரு நாற்காலி, போதும். பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சொல்லித்தர வேண்டியதில்லை. வாயே திறக்காத பையன்கூட இரண்டாவது வாரம் கைதட்டு வாங்கிவிடுவான். ஆனால் தயாரிப்பு என்பது ஜோக் சேகரிப்பதாகிவிடுகிறது. எதிரணி பேசும்போது காதைத் தீட்டுவது, கிண்டலடிக்க ஒரு வார்த்தை சிக்குமா என்றுதான்.

இளைஞர் நாடாளுமன்றம் பழைய திட்டம். மத்திய அரசு 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கியது. கேள்வி நேரம், மசோதா எல்லாம் பிடிபடும். நாங்கள் நடத்தியதில் வசனம் முழுக்க ஆசிரியர் எழுதியது. எதிர்க்கட்சி போடும் கூச்சல்கூட அடைப்புக்குறிக்குள் இருந்தது! நாடகம் என்றால் சரி.

ஐ.நா.வில் எழுதிக்கொடுக்க முடியாது. நாடு சீட்டுக் குலுக்கலில் வரும். அந்த நாட்டின் நிலைப்பாட்டைத் தேடிப் படித்து ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். 'நான்' என்று பேசக்கூடாது, நாட்டின் பெயரில்தான் பேச வேண்டும். பாதுகாப்பு கவுன்சிலில் 15 இடம், தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு. நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அவ்வளவுதான், அதுதான் வீட்டோ. 14 பேரைச் சம்மதிக்க வைத்த பையன், ரஷ்யா கை தூக்கியதும் முழித்த முழி இருக்கிறதே, வீட்டோவைப் பற்றி அதற்குமேல் நான் என்ன பாடம் எடுக்க?

போன வருஷம் இந்திய-இலங்கை மீன்பிடிப் பிரச்சினையை எடுத்தோம். காசிமேட்டுப் பெண், அப்பா விசைப்படகில் போகிறவர். அவளுக்கு விழுந்த சீட்டு இலங்கை. "மிஸ், மாத்திக் குடுங்க" என்று அழாத குறை. மாற்றவில்லை. அடுத்த வாரம் வந்தவள், கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியை இலங்கை 2017இல் தடை செய்ததையும், நம் விசைப்படகுகளால் யாழ்ப்பாணத்து மீனவர் வலை அறுபடுவதையும் எடுத்து வைத்தாள். "ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை போட்டு நீங்களே கடலுக்கு ஓய்வு தருகிறீர்கள், எங்கள் பக்கக் கடலுக்கு வேண்டாமா?" என்று கேட்டாள். இந்தியாவாக உட்கார்ந்திருந்த ராயபுரத்துப் பையனுக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தீர்மான வரைவை எழுதினார்கள். பட்டிமன்றத்தில் இந்த மரத்தடிக்கு இடமே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வெளியே நடக்கும் மாநாடுகளில் கட்டணம் தாளாது, பேச்சு முழுக்க இங்கிலீஷ், சென்னை வெயிலில் கோட் வேறு. எம்.சி. ரோட்டில் கோட் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த அனுபவமும் உண்டு. அதனால் எங்கள் சபை தமிழில், யூனிஃபார்மில். பெயர்ப்பலகை பழைய நோட்டு அட்டை. பட்டிமன்றத்தைப் பொங்கல் விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த வரைவை அவள் அப்பாவிடம் காட்டினாளாம். படித்துவிட்டு, வலைக்கண் அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பேனாவால் திருத்திக் கொடுத்தாராம்.