8 போட்டேன், 3.41 தந்தது

போன கிழமை மச்சான் போன் எடுத்தான். "பழைய லப்டொப்புக்கு இன்னொரு 4 ஜிபி றாம் போடப் போறன். நீ போட்டனியெல்லே, எப்பிடி ஓடுது?" ஒரு சொல்லில் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழசாக வாங்கிய லப்டொப், ஒன்பது வருடமாக என்னிடம். கல்வெட்டு வேலைதான் அதில் முக்கியம்; செத்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் புத்தகம் அது. முப்பத்தொன்றுக்கு முன் படங்களை ஸ்கேன் செய்து, பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் பக்கம் கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குத் தவணை சொல்ல ஏலாது.

படம் கூடினால் மெசின் இழுக்கும். யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் 4 ஜிபி றாமை, அதாவது மெசின் ஓடும்போது பாவிக்கும் நினைவகத்தை, 8 ஆக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 8.00 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே பாவிக்கக்கூடியது 3.41 ஜிபி என்று இருக்கிறது. உள்ளே கிடந்தது 32 பிட் விண்டோஸ் 7. காசு வாங்கிய தம்பி அதைப் பார்க்கவில்லை. சரி, நானும்தான் பார்க்கவில்லை.

றாமின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும்; 32 பிட்டில் 4,294,967,296 முகவரிகள்தான் எழுதலாம், அதாவது 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸ் போன்ற சாமான்கள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை ஏற்கிறேன். ஆனால் முகவரியை நீட்டும் பிஏஇ என்ற வழியால் 32 பிட் லினக்ஸ் 64 ஜிபி வரை தொடும். 32 பிட் விண்டோஸ் சேர்வர் 2008 என்டர்பிரைஸும் அப்படித்தான். எங்கள் 7 க்கு மட்டும் 4 இல் படலை சாத்தியாயிற்று! 64 பிட் 7 இலும் பதிப்புக்கு ஒரு எல்லை: ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் 16, புரொபெஷனல் 192. பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவது போல.

கோபத்தில் 64 பிட் போட்டேன். 8 உம் முழுசாக வந்தது. குரோமில் இருபது டப் திறந்தும் அசையவில்லை. அன்று பின்னேரம் முழுக்கச் சந்தோசம். இரவு பார்த்தால் ஸ்கேனர் வாய் திறக்கவில்லை. அதை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட்டுக்கு மட்டும்தான் உண்டு, 64 பிட் விண்டோஸ் அதை ஏற்றாது. மேசையிலோ விடிந்ததும் கொடுக்கவேண்டிய ஒரு அப்பாவின் கறுப்பு வெள்ளைக் கலியாணப் படம். இரவோடிரவாகத் திரும்ப 32.

இன்றைக்கும் அதில்தான் வேலை. அந்த 3.41 கண்ணில் படும்போதெல்லாம் பத்திக்கொண்டு வருகிறது. ஆனால் ஒன்பது வருடத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் தின்றதில்லை. புது மெசின் சும்மா தந்தாலும் இதைக் கொடுக்க மாட்டேன்.

மச்சான், முதலில் பிட்டைப் பார். 64 என்றால், உன்ரையும் டிடிஆர் 3 வகை றாம் தானே, கடைக்குப் போகாதை. கழற்றின 4 ஜிபி என்ரை லாச்சிக்குள்ள கிடக்கு, வந்து எடு.