ஆங்கிலத்தில் காய்கறிப் பெயருக்கு முன்னால் ‘எ’ போடுவதா, விடுவதா?

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வெளிமாநிலத்தார் நிறைய வருவதால், பக்கத்து ஓட்டல்களின் மெனு ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும். மெனுவில் சிக்கல் இல்லை: ‘பிரிஞ்சால் ஃப்ரை’ போதும், ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற ஆர்ட்டிக்கிளே வேண்டாம். சமையல் குறிப்பு, கட்டுரை என்று வரும்போதுதான் தடுமாற்றம்.

காய் முழுசாகப் போகிறதென்றால் ‘எ’; நறுக்கியோ மசித்தோ போகிறதென்றால் வெறும் பெயர். ‘ஆட் கேபேஜ்’ என்றால் நறுக்கிய கோஸ். ‘ஆட் எ கேபேஜ்’ என்றால் முழுக் கோஸ். நாலு பேருக்கான சாம்பார் குறிப்பில் ‘ஆட் எ பம்ப்கின்’ என்று எழுதினால், முழுப் பூசணிக்காயைச் சாம்பாரில் மறைக்கச் சொன்னதாகிவிடும். அங்கே ‘எ ஸ்லைஸ் ஆஃப் பம்ப்கின்’தான் சரி.

பூண்டு, இஞ்சி, கீரைக்கு இரண்டுமே உதவாது. அளவுச் சொல்தான் கைகொடுக்கும். ‘எ கார்லிக்’ என்பது பல்லா, முழுப் பூண்டா? ‘எ க்ளோவ் ஆஃப் கார்லிக்’ ஒரு பல். ‘எ ஹெட் ஆஃப் கார்லிக்’ முழுப் பூண்டு. மாறினால் ரசம் கெட்டது. இஞ்சிக்கு ‘ஆன் இஞ்ச் ஆஃப் ஜிஞ்சர்’, கீரைக்கு ‘எ பஞ்ச் ஆஃப் ஸ்பினாச்’. லெட்டூஸில் மட்டும் ஊருக்கு ஊர் வழக்கு வேறு: ‘எ லெட்டூஸ்’ என்று பிரிட்டனில் எழுதுவார்கள், அமெரிக்காவில் ‘எ ஹெட் ஆஃப் லெட்டூஸ்’.

‘எ’யா ‘ஆன்’ஆ என்பதை அடுத்து வரும் சொல்லின் ஒலி முடிவு செய்யும், காயின் பெயர் அல்ல. ‘ஆன் ஆனியன்’ சரி. நடுவில் ‘ஸ்மால்’ வந்தால் ‘எ ஸ்மால் ஆனியன்’. 8 அங்குலப் புடலங்காய்க்கு ‘ஆன்’, 1 கிலோ பூசணிக்கு ‘எ’. ஆங்கிலத்தில் எட்டு ‘எய்ட்’ என்று உயிரொலியில் தொடங்கும்; ஒன்று ‘வன்’ என்று ‘வ’ ஒலியில் தொடங்குவதால் ‘ஆன்’ ஒட்டாது.

கட்டுரையில் அதிகம் சறுக்கும் இடம் வேறு. வேலூர் முள்ளு கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ‘எ’ போட்டு எழுதினால், ஏதோ ஒரே ஒரு காய்க்குக் கிடைத்ததாக அர்த்தம் வரும். ரகம் முழுவதையும் சொல்ல ‘தி வேலூர் ஸ்பைனி பிரிஞ்சால்’ என்று எழுத வேண்டும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடியில் அது பயிராவதைச் சொல்ல ‘பிரிஞ்சால் இஸ் க்ரோன்’, ‘பிரிஞ்சால்ஸ் ஆர் க்ரோன்’ இரண்டும் தகும்; முந்தையதில் பயிர் என்ற தொனி கூடுதல். விளக்கம் சொல்லும் வாக்கியத்தில் மட்டும் ‘எ பிரிஞ்சால் இஸ்...’ என்று தயங்காமல் தொடங்கலாம்.