கிளட்ச்சே இல்லாத வண்டி என்று சொன்னால் நம்பாதீர்கள்

பழைய வேன் தேடும்போது மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று யோசித்துக்கொண்டிருந்த என்னிடம் புரோக்கர் சொன்னது: "நெரிசல்ல நின்னு நின்னு போற ஆளுக்கு ஆட்டோமேட்டிக்தான் சார், இதுல கிளட்ச்சே கிடையாது, அந்தச் செலவே வராது." பச்சைப் பொய். அந்த வேனில் இல்லாதது கிளட்ச் பெடல் மட்டும்தான். அது ஏஎம்டி வகை, அதாவது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், நம் காலும் கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்கிற இயக்கும் கருவி செய்கிறது. கிளட்ச் மேனுவலில் தேய்கிற மாதிரியே இதிலும் தேயும். முன்பு ஓட்டியவர் மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கிற ஆளாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தேயும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததும் காலி வண்டி, சமதளமான ரோடு. வெண்ணெய் மாதிரி போனது. வாங்கிய பிறகு லோடு ஏற்றி ஒரு மேட்டில் மிதித்தால் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறுகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் ஊர்கிறது, கூடவே கருகல் வாடை. கொஞ்ச நாளில் கியர் எச்சரிக்கை விளக்கும் எரிய ஆரம்பித்தது. விற்பதற்கு முன் வண்டியின் கணினியோடு ஸ்கேனரை மாட்டி, அதில் பதிவான பிழைக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். புரோக்கரைக் கேட்டால், "உள்ளது உள்ளபடிதானே வாங்கினீங்க?" அப்புறம் போனே எடுப்பதில்லை.

இதில் கிளட்ச் மாற்றினால் மட்டும் போதாது, புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்துக் கணினிக்குப் பழக்க வேண்டும், அதனால் எல்லா மெக்கானிக்கும் தொட மாட்டார்கள்.

ஆகவே ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். லோடோடு மேட்டில் ஓட்டிப் பாருங்கள், மறுத்தால் நடையைக் கட்டுங்கள். உங்கள் மெக்கானிக்கே ஸ்கேன் செய்யட்டும். பிழை எதுவும் இல்லை, ஆனால் வண்டியின் சுயபரிசோதனைகள் பலவும் முடியாமல் நிற்கின்றன என்று காட்டினால், சமீபத்தில் அழித்திருக்கவோ பேட்டரியைக் கழற்றியிருக்கவோ வாய்ப்பு அதிகம். இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் வகையாக இருந்தால் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போங்கள். டி (முன்னே போக), ஆர் (பின்னே போக) போட்டதும் தாமதித்து டொக்கென்று பிடித்தாலோ, கியர் ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தாலோ வேண்டாம்.

மேனுவல்தான் எடுக்கிறீர்கள் என்றாலும் நாலாவது கியரில் மெதுவாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை மிதித்துப் பாருங்கள், ஆர்பிஎம் மட்டும் எகிறினால் அந்த கிளட்ச்சும் முடிந்துவிட்டது.