குட்டிக்குச் சூடு கொடுக்க எது நல்லது: வெந்நீர் பாட்டிலா, பல்பா, ஹீட்டிங் பேடா?

கண் திறக்காத அணில் குட்டியோ இறகு முளைக்காத பறவைக் குஞ்சோ கைக்கு வந்ததும், "என்ன பால் கொடுக்கலாம்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பாலுக்கு அவசரமே இல்லை. உடல் சில்லிட்டுப் போன குட்டிக்குக் குடல் சரியாக இயங்காது, விழுங்கும் திறனும் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் புகட்டுவது செரிக்காமல் வயிற்றில் தேங்கும், இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் முடியும். ஆகவே முதலில் சூடு. அதை எதைக்கொண்டு கொடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

அதற்கு முன்னால் ஒன்று. இறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சுக்கு இதில் எதுவும் தேவையில்லை. பெற்றவை பக்கத்திலேயே இருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் விட்டு, விலகி நின்று பாருங்கள். இங்கே சொல்வதெல்லாம் உண்மையிலேயே சில்லிட்டுப்போன சின்னஞ்சிறு உயிர்களுக்கு, அதுவும் வனத்துறையிடமோ பயிற்சி பெற்ற மீட்பாளரிடமோ ஒப்படைக்கும் வரைக்குமான சில மணி நேரத்துக்கு, அதிகம் போனால் ஓர் இரவுக்கு.

என் தேர்வு ஹீட்டிங் பேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு. மற்ற இரண்டும் சூடு கொடுக்காது என்பதல்ல காரணம். யாரும் எழுந்து பார்க்காத பின்னிரவில் எது என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல்பைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். எல்இடி பல்பில் பயன்படும் அளவுக்குச் சூடே வராது. பழைய குண்டு பல்பு சூடு தரும், ஆனால் மேலிருந்து அடிக்கும் அந்தச் சூடு மெல்லிய தோலை உலர்த்தி உடலின் நீரை இழுத்துவிடும். இருட்டில் அடங்கிக் கிடக்க வேண்டிய குட்டிக்கு ஓயாத வெளிச்சம் தனிக் கலவரம். விளக்கு சரிந்து துணிமேல் விழுந்தால் தீப்பிடிக்கும். வெளிச்சம் தராத செராமிக் வகை இருக்கிறதே என்பார்கள். அதன் மேற்பரப்பு துணியைக் கருக்கும் அளவுக்குக் கொதிக்கும். பிறந்ததுமே நடந்து திரியும் வாத்துக் குஞ்சு, காடைக் குஞ்சு போன்றவை சூட்டிலிருந்து தாமாக விலகிப் போகும் என்பதால் அவற்றுக்கு மட்டும் மேலிருந்து வரும் சூடு ஒத்துப்போகும்.

வெந்நீர் பாட்டிலின் பலம், அது எங்கும் கிடைக்கும் என்பது. கொதிநீர் வேண்டாம், 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் போதும். ஒரு லிட்டர் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, தடித்த காலுறைக்குள் நுழைத்து, குட்டி இருக்கும் பெட்டியின் ஒரு பக்கமாக வையுங்கள். உருண்டு குட்டியை நசுக்காமல் இருக்கத் துணியால் அண்டை கொடுக்க வேண்டும். மூடி கசிந்தால் குட்டி நனையும். நனைந்த குட்டி முன்பைவிட வேகமாகக் குளிர்ந்துபோகும்.

ஆனாலும் பாட்டிலின் பெரிய ஆபத்து கசிவு அல்ல, ஆறிப்போவதுதான். காலுறைக்குள் வைத்தாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் நீர் குட்டியின் உடல் சூட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பாலூட்டிகளின் உடல் பொதுவாக 37 முதல் 39 டிகிரி, பறவைகளுடையது 40ஐ ஒட்டி. அதற்குக் கீழே போன கணத்திலிருந்து பாட்டில் எதிர்வேலை செய்யத் தொடங்கும். ஒரு லிட்டர் நீர் ஏராளமான வெப்பத்தை உள்வாங்கும். ஒட்டிப் படுத்திருக்கும் சிறு உடலிலிருந்து அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு வைத்த பாட்டிலை விடியும்வரை மாற்றாமல் விட்டால், அதை வைக்காமலே இருந்திருக்கலாம். அரிசி நிரப்பிய காலுறையைச் சுடவைப்பதும் இதே கதைதான், இன்னும் சீக்கிரமாக ஆறும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஆங்காங்கே கொதிக்கும் திட்டுகள் வேறு உருவாகும்.

பேட் ஆறாது. ஆனால் வைக்கும் முறை தவறினால் சுட்டுவிடும். மனிதத் தோலே 44 டிகிரியில் தொடர்ந்து பல மணி நேரம் பட்டுக்கொண்டிருந்தால் புண்ணாகும். அதிர்ச்சியில் இருக்கும் குட்டிக்குத் தோலில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதால், படும் சூட்டை உடல் வாங்கிப் பரப்ப முடியாது. பட்ட இடத்திலேயே வெந்துபோகும். விலகிப் போகவும் அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் பேடைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. பெட்டிக்கு வெளியே, அடியில், அதுவும் பாதி அடிப்பாகத்துக்கு மட்டும். மறுபாதி குளிர்ந்தே இருக்கட்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் குட்டிக்குத் தப்பிக்க இடம் வேண்டும். பேடை மடிக்கக் கூடாது, மடிப்பில் சூடு இரட்டிப்பாகும். எப்போதும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள்.

பெட்டி பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. அட்டைப்பெட்டி சிறுநீரில் ஊறும். மூடியில் காற்றோட்டத் துளைகள் போடுங்கள். உள்ளே இரண்டு மடிப்பு ஃபிளீஸ் துணி அல்லது பழைய பருத்திச் சட்டை விரியுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகமும் விரலும் சிக்கி, இழுத்ததில் ரத்த ஓட்டம் நின்றே போகும்.

குட்டியை வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே பேடைப் போட்டு, குட்டி படுக்கும் மட்டத்தில் தெர்மாமீட்டர் முனையை வைத்துப் பாருங்கள். முடியோ இறகோ முளைக்காதவைக்கு 32 முதல் 35 டிகிரி, முடி வந்தும் கண் திறக்காதவைக்கு 27 முதல் 30 வரை போதும். "குறைவு" என்று எழுதியிருப்பது பேடுக்குப் பேடு மாறும், ஆகவே பொத்தானை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். பல பேடுகள் இரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் என்பதுதான் பலரைக் கவிழ்க்கும் இடம். அப்படிப்பட்ட பேட் இரவில் பாட்டிலைவிட எந்த விதத்திலும் மேல் அல்ல. வாங்கும்போதே தானாக அணையாத வகையா, அல்லது அந்த வசதியை நிறுத்தி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

எண் சரியாக இருந்தாலும் கடைசிச் சொல் குட்டியுடையது. வாய் திறந்து மூச்சு வாங்கினால், தோல் சிவந்தால், ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கைகால் பரப்பிக் கிடந்தால் சூடு அதிகம். சுருண்டு, அசைவு குறைந்து, பாதம் சில்லென்று இருந்தால் போதவில்லை. அடிவயிறு உங்கள் விரலுக்கு இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். கையுறை போட்டே தொடுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது, வெறிநோய் அபாயம் உண்டு.

பேட் தோற்கும் இடங்களும் உண்டு. வண்டியில் கொண்டுபோகும்போதும் மின்சாரம் போனாலும் பாட்டில்தான் கைகொடுக்கும். இரண்டு பாட்டில்களை மாற்றி மாற்றி வைத்தால் பயணத்தைச் சமாளிக்கலாம். கூட்டிலிருந்து விழுந்த குட்டியை மரத்தடியில் வைத்துத் தாய் வந்து எடுத்துப்போகக் காத்திருக்கும்போதும் அப்படித்தான். சில்லிட்ட குட்டியைத் தாய் ஏற்காமல் போகலாம் என்பதால் அங்கேயும் சூடு அவசியம். உதறினால் சூடாகும் ஹேண்ட் வார்மர் பொட்டலத்தை அதற்குச் சிலர் வைப்பார்கள். அது காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் சூடாகிறது, ஆகவே திறந்த பெட்டியில், காலுறைக்குள் மட்டுமே வைக்கலாம்.

கண்ணாடியில் மோதி விழுந்த பறவைக்கும், வண்டியில் தலை அடிபட்ட விலங்குக்கும் மூன்றுமே வேண்டாம். சூடு ரத்தக் குழாய்களை விரித்து மூளை வீக்கத்தைக் கூட்டலாம். இருட்டான பெட்டி, சத்தமில்லாத அறை, உடனே கால்நடை மருத்துவர். பாம்பும் ஆமையும் இந்தக் கணக்கிலேயே சேராதவை. அவற்றின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது, அறை வெப்பத்திலேயே வைத்து அனுப்புங்கள்.